கேமரன் மலையும் நம்மவர் ஓய்வும்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் இல்லத்தில் ஒரு சிறு ஆலோசனை நடைபெற்றது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. தோட்டத்து ஆபீசில் மாதக் கணக்கையும் நான் முடித்திருந்தேன். வருகிற ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாட்களிலும் கேமரன் மலைக்குச் சென்று தங்கி வரலாமா என்று என் மனைவி கேட்டார். தெலுக் இந்தானிலிருந்து லங்காப், பீடோர், தாப்பா வழியாக அம்மலையின் தானா ராத்தா நகரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தூரமே. காலையில் புறப்பட்டால் இரண்டரை மணி, மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம். பிள்ளைகள் துள்ளிக் குதித்தனர். நான் ஒரு காகிதத்தை எடுத்துச் செலவுக் கணக்கு எழுதத் தொடங்கினேன்.

அப்போது மூலையில் அமர்ந்திருந்த என் தாயார், “மலைக்குப் போவது துரைமார் வழக்கமல்லவா, அப்பா? நமக்கென்ன அங்கே வேலை?” என்று கேட்டார்.

என் தாயார் இருபதாண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைத் தோட்டமாக மாறிய பின்னர் மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கியவர். மழை விட்ட காலைகளில் பெரட்டுக்களத்தில் நின்று, கிழக்கே நீலநிறமாய்த் தோன்றும் மலைத்தொடரை எத்தனையோ முறை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அறுபதாண்டு கடந்த தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதன்மீது ஏறியதில்லை. கார் இல்லாமையும் பணம் இல்லாமையும் மட்டும் இதற்குக் காரணமல்ல. அந்த இடம் தமக்குரியதன்று என்னும் எண்ணம் அவருடைய தாயாரிடமிருந்து அவருக்கு வந்தது. அவருடைய தாயாருக்கு அது எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை காண முற்பட்டதன் பயனே இக்கட்டுரை.

மலையில் ஓய்வு என்னும் கருத்து பிறந்த கதையை முதலில் காண்போம். மனிதர் மலையைத் தொன்றுதொட்டு அறிவர். மலையில் வாழ்ந்தோர் உண்டு. மலைக்கு யாத்திரை சென்றோரும் உண்டு. ஆனால் வெப்பத்திற்கு அஞ்சி, குளிரை நாடி, பங்களா கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கும் மலை நகரம் என்பது நம் பக்கத்து நாடுகளில் வெள்ளையர் ஆட்சியோடு வந்தது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளுக்குள் உதகையில் தமக்கு வீடும் கட்டிக்கொண்டார். பிற்காலத்தில் அவ்வூர் சென்னை அரசாங்கத்தின் கோடைக்காலத் தலைநகராயிற்று. மதுரையில் வெயிலாலும் நோயாலும் வருந்திய அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் கொடைக்கானலில் குடியேறினர். இலங்கையில் நுவரெலியா அவ்வாறே வளர்ந்தது. 1864இல் சிம்லா இந்தியப் பேரரசின் கோடைத் தலைநகராயிற்று.

மலாய் நாட்டிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. பினாங்குக் கொடிமலை முன்னமே வெள்ளையரின் குளிரிடமாயிருந்தது. அதற்கு 1923இல் கம்பி இழுக்கும் ரயிலும் வந்தது. தைப்பிங் நகரை அடுத்த மெக்ஸ்வெல் மலை 1884இல் ஓய்விடமாயிற்று. இன்று புக்கிட் லாருட் என வழங்கும் அம்மலைக்கு 1948 வரையில் மோட்டார் செல்லும் சாலை கிடையாது. அதுவரை ஏறியோர் நடந்து ஏறினர், குதிரையில் ஏறினர், அல்லது மனிதர் தோளில் சுமந்த நாற்காலியில் அமர்ந்து ஏறினர். நாற்காலியில் அமர்ந்தவர் ஓய்வு பெறச் சென்றார். நாற்காலியைச் சுமந்தவரும் அதே மலைக்குத்தான் சென்றார். இருவரும் ஒரே காற்றைச் சுவாசித்தனர். ஆயினும் ஒருவர் சென்றதை மட்டுமே உல்லாசப் பயணம் என்கிறோம். இவ்வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்வரும் வரலாறு முழுமையும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

இனிக் கேமரன் மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் என்னும் ஆங்கில நில அளவையாளர் 1885ஆம் ஆண்டில் பேராக், பகாங் எல்லையில் மலைகளை அளந்து செல்லும்போது, சிகரங்கள் சூழ்ந்த ஓர் உயர்ந்த சமவெளியைக் கண்டதாக அறிவித்தார். அவருடைய பயணங்களில் துணை சென்றவராகச் சொல்லப்படுபவர் குலோப் ரியாவ் என்பவர். கேமரன் அவ்விடத்தைத் தெளிவாகப் படத்தில் குறித்து வைக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் இறந்தார். பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த சர் ஹியூ லோ அங்கே ஒரு சுகவாசத்தலம் அமைய வேண்டுமென விரும்பினார். ஆனால் அவ்விருப்பம் நாற்பதாண்டுகள் காகிதத்திலேயே இருந்தது.

1885ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கும் மறக்க முடியாத ஆண்டு. அன்று தெலுக் ஆன்சன் என்று பெயர் பெற்றிருந்த இவ்வூரில், லியோங் சூன் சூங் என்னும் சீனக் குத்தகைக்காரர் கட்டிய கோபுரம் அவ்வாண்டில்தான் எழுந்தது. ஊருக்கு நீர் தேக்கி வைக்கவும் மணி காட்டவும் அமைந்த அக்கோபுரம் பின்னர் ஒருபுறம் சாய்ந்து, இன்று சாய்ந்த கோபுரம் என்று பெயர் பெற்று நிற்கிறது. அதே 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாய் நாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1893இல் தெலுக் ஆன்சனையும் தாப்பா ரோட்டையும் இணைக்கும் பாதை திறந்தது. கோபுரமும் ரயிலும் துறைமுகமும் சமவெளியில் வளர்ந்துகொண்டிருக்க, மலைமேல் உள்ள குளிர்ந்த சமவெளி மட்டும் துரைமாரின் கனவாக நின்றது.

ஆங்கில வழியில் கல்வி பயின்ற நான் ‘கேமரன் இம்மலையைக் கண்டுபிடித்தார்’ என்றே படித்தேன். இதை இப்போது எண்ணும்போது நகைப்பு வருகிறது. அம்மலைகளிலும் அவற்றின் அடிவாரத்திலும் செமாய், தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் கேமரன் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்னரே வாழ்ந்து வந்தனர். அவர்களுக்குத் தெரியாத மலையா அது? வீட்டுக்காரர் வீட்டில் இருக்க, வழிப்போக்கர் ஒருவர் வந்து வீட்டைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லித் தம் பெயரை வாசலில் எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? வரலாற்றில் மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

கனவு காரியமானது 1925ஆம் ஆண்டில். ஐக்கிய மலாய் நாடுகளின் தலைமைச் செயலாளராயிருந்த சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் அம்மலைக்குச் சென்று பார்த்து, அதனை மலை நகரமாக்கலாம் என்று முடிவு செய்தார். 1926இல் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை வெட்டும் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீளம். கடல் மட்டத்தை ஒட்டிய காட்டிலிருந்து நாலாயிரத்து எழுநூறு அடி உயரம் வரை ஏற வேண்டும். ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் பள்ளத்தாக்கு. மழை விடாமல் பெய்யும், மண் சரியும், கொசுவால் மலேரியாக் காய்ச்சல் பரவும். கனமான பொறிகளை மேலே இழுத்துச் செல்ல நீராவி வண்டிகளைப் பயன்படுத்தினர். 1931இல் சாலை முடிந்து போக்குவரத்து நடந்தது.

அக்காலத்தில் மலாய் நாட்டின் சாலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் மண் வெட்டிக் கல் உடைத்தவர்களுள் பெருந்தொகையினர் தென்னிந்தியத் தொழிலாளர் என்பது யாவரும் அறிந்தது. சாலைக் குத்தகை எடுத்த கம்பெனியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. திட்டமிட்ட அதிகாரியின் பெயர் நிற்கிறது. ஒருமுறை பார்த்துவிட்டுப் போனவரின் பெயர் மலைக்கே பெயராகிவிட்டது. கூடையில் மண் சுமந்தவர் பெயரை வழிகாட்டிப் பலகை எதிலும் காணோம்.

சாலை வெட்டப்பட்ட ஆண்டுகளின் மற்றொரு பக்கத்தையும் காண்க. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி, ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. கூலி குறைக்கப்பட்டது. வேலை இழந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். ஆக, 1931ஆம் ஆண்டில் இந்நாட்டில் இரண்டு பயணங்கள் நிகழ்ந்தன. ஒரு சாரார் புதுச்சாலையில் மோட்டாரேறிக் குளிர்ந்த மலைக்குச் சென்றனர். மற்றொரு சாரார் மூட்டை முடிச்சோடு கப்பலேறிச் சென்றனர். முதற் பயணத்தின் புகைப்படங்கள் இன்று விடுதிச் சுவர்களை அலங்கரிக்கின்றன. இரண்டாம் பயணத்தை நம் வீட்டுக் கிழவிகள் சொன்னால் கேட்கலாம்.

சாலை முடிந்ததும் மலைமேல் பங்களாக்கள் எழுந்தன. கோல்ஃப் மைதானம் அமைந்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்கு உண்டுறை பள்ளிக்கூடம் திறந்தது. 1937இல் இங்கிலாந்துக் கிராமத்து வீட்டைப் போன்று ஸ்மோக்ஹவுஸ் என்னும் விடுதி கட்டப்பட்டது; அது இன்றும் உண்டு. இங்கிலாந்தை நினைந்து ஏங்கியவர்கள் மலைமேல் ஒரு சிறு இங்கிலாந்தைச் செய்துகொண்டார்கள். குளிரில் கணப்பு மூட்டி அமர்ந்தார்கள். அதில் நமக்கு வருத்தமில்லை. உழைத்த மனிதனுக்கு ஓய்வு வேண்டும். ஊரை நினைத்து ஏங்குவதும் மனித இயல்பே. நம் கேள்வி ஒன்றுதான்: வெப்பம் வெள்ளைத் தோலை மட்டுமா வாட்டியது? மலேரியா துரையின் பங்களாவுக்கு மட்டுமா வந்தது? லயத்தில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருந்த வீட்டுக்கு அது வரவில்லையா? நோய் இருவருக்கும் பொதுவாயிருந்தது. மருந்தாகிய மலைக்காற்று மட்டும் ஒருவருக்கே உரியதாயிற்று.

இனி என் தாயார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ‘நமக்கென்ன அங்கே வேலை?’ என்றார். அன்பர்களே, வேலைதான் நமக்கு அங்கே இருந்தது. இல்லாதிருந்தது ஓய்வு.

1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்ற மில்ன் என்பவரோடு சேர்ந்து, கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். பிற தோட்டங்களும் தொடர்ந்தன. 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றிற்று. காட்டை அழித்தவர், சரிவில் செடி நட்டவர், கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவர் ஆகியோருள் தமிழர் மிகப் பலர். இலங்கையில் காப்பித் தோட்டங்களுக்காக மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து, வழியில் பலரைப் புதைத்துவிட்டு, மலையேறிய நம் மக்களின் கதை இங்கே வேறு உருவில் தொடர்ந்தது. இன்றும் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்ப் பள்ளிகள் இருப்பது அவ்வரலாற்றின் சாட்சி. எனவே மலை தமிழர்க்கு அந்நியம் என்பது பொய். நம்மவர் சாலையாக, தேயிலையாக, பங்களாச் சமையலாக அங்கே முன்னமே சென்றுவிட்டனர். விருந்தினராகச் செல்லும் பேறுதான் தாமதமாக வந்தது.

அப்பேறு எவ்வாறு வந்தது? மலைச் சாலையைப் போலவே ஓய்வும் மனிதர் வெட்டிய வழியே வந்தது. 1910இல் இந்நாட்டில் இந்தியருக்கு ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்ததனால் கங்காணி ஆள்கட்டு முறை நின்றது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவற்றுள் கூலி உயர்வு இருந்தது. வேலை நேரத்துக்கு வரம்பு இருந்தது. நல்ல மருத்துவமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் இருந்தன. வேறொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ ஆபீஸ் உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

இதை எழுதும்போது என் பேனா சற்றே தயங்குகிறது. ஏனெனில் அந்த ஆபீஸ் உத்தியோகஸ்தர் என்ற சொல்லில் கிராணியும் அடக்கம். நான் கிராணி. துரைக்கு முன்னால் கைகட்டி, தொழிலாளிக்கு முன்னால் தலை நிமிர்ந்து, இருபுறமும் மனிதத்தன்மையை இழந்த வகுப்பாக நம்மில் பலர் அக்காலத்தில் இருந்தனர். தொழிலாளியின் பெயரைப் பெரட்டுப் புத்தகத்தில் எழுதிய கையே அவனுடைய அரைநாளை வெட்டியதும் உண்டு. கிராணியின் பிள்ளை தொழிலாளி பிள்ளையோடு விளையாடக் கூடாது என்று வளர்த்த வீடுகளும் உண்டு. தோட்டத்தில் மரம் வெட்டிய தாயின் மகன் ஆபீஸ் நாற்காலியில் அமர்ந்தது என் குடும்பத்தில் முதல் முறை. ஆகவே ஓய்வுரிமையைப் பற்றிப் பேசும்போது ‘துரை கொடுக்கவில்லை’ என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு தரப்பட வேண்டும் என விதித்தது. சம்பளத்தோடு கூடிய வருடாந்திர விடுமுறையும் அச்சட்டத்தில் இடம் பெற்றது. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 8 நாள். ஐந்தாண்டுக்குக் குறைந்தால் 12 நாள். அதற்கு மேல் 16 நாள். 2022இல் செய்த திருத்தத்தினால், 2023ஆம் ஆண்டு முதல் வாரத்தின் வேலை நேர உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள் நமக்கு வைத்துவிட்டுப் போன ஆஸ்தி. அந்த ஆஸ்தியை எடுத்து அனுபவியாமல் பெட்டியில் பூட்டி வைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகுமா?

சிலர் சொல்லுவர்: ‘ஏழை வீட்டில் உல்லாசப் பயணம் வீண் செலவு.’ இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. 2025 பிப்ரவரியில் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதைக் கொண்டு வாடகை, அரிசி, பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் கட்ட வேண்டிய குடும்பத்துக்கு இரண்டு நாள் பயணம் சிறு விஷயமன்று. ஆனால் அதே குடும்பம் ஊரார் வாய்க்கு அஞ்சி ஒருநாள் விருந்துக்குக் கடன் வாங்குவதையும் பார்க்கிறோம். பந்தலில் சாப்பிட்டவர் கை கழுவியதும் மறந்துவிடுகிற செலவு அது. கடனோ ஐந்தாண்டு நிற்கும். பிள்ளைகளோடு இரண்டு நாள் ஒன்றாயிருந்து, புது ஊர் பார்த்து, மனம் விட்டுப் பேசி வருகிற செலவை வீண் என்றும், மற்றதை அவசியம் என்றும் யார் நமக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்? கடன் வாங்கி மலைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. மாதந்தோறும் சிறிது ஒதுக்கி ஆண்டுக்கு ஒருமுறை போகலாம். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் செலவு நாலிலொன்றாகும். தங்க முடியாதவர் ஒரே நாளில் போய் வரலாம்.

வேறு சிலர், ‘ஓய்வு சோம்பேறித்தனம்’ என்பர். தொழிலாளி ஓய்ந்திருந்தால் சோம்பல் என்றும், முதலாளி ஓய்ந்திருந்தால் தேகசுகம் என்றும் இருவேறு அகராதி எழுதியவர்கள் யார் என்பதை மேலே கண்ட வரலாறு சொல்லும். அந்த அகராதியை நாமே மனப்பாடம் செய்து நம் தாய்மாருக்கும் ஒப்பிப்பதுதான் வேதனை.

நிற்க. பயணம் செய்வோருக்கு உதவும்படி எங்கள் ஏற்பாட்டையும் கூறுகிறேன். பள்ளி விடுமுறை வாரங்களிலும் நீண்ட பொது விடுமுறைகளிலும் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே வண்டிகள் ஊர்ந்து செல்லும். ஆகவே அவற்றைத் தவிர்த்துச் சாதாரணமான ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தோம். எனக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை உண்டு. அதற்காக வருடாந்திர விடுமுறையில் ஒருநாள் எழுதிக் கொடுத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. தாப்பாவில் பசியாறலாம். ஆனால் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்கலாகாது. அங்கிருந்து ரிங்லெட் வரை சாலை பாம்பாய் வளையும், தலைசுற்றல் வரும். எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நலம். வழியில் லத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்கிக் கால் நனைக்கலாம். அங்கேயும் வழிநெடுகவும் செமாய் மக்கள் காட்டுப் பொருள்களை விற்பார்கள். பேரம் பேசும்போது நாம் யாருடைய மலையில் நின்று பேசுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

ரிங்லெட்டுக்குச் சற்று முன்னரே பேராக் முடிந்து பகாங் மாநிலம் தொடங்குகிறது. அதைக் கடந்தால் 1963இல் முடிந்த சுல்தான் அபூபக்கார் அணையின் நீர்த்தேக்கம். மேலே காட்டைச் சுரண்டிக் காய்கறித் தோட்டம் போட்டதால் கரைந்த மண் அத்தேக்கத்தில் வந்து படிந்து கிடக்கிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட்டு, கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. மலை நமக்குக் காற்றுத் தருகிறது. அதை மொட்டையடித்தால் சேற்றையும் தரும்.

தானா ராத்தாவில் இரவு தங்கல். தெலுக் இந்தானில் பகலில் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று டிகிரி வெயிலில் பழகிய உடம்புக்கு அங்கே இரவில் பதினாறு, பதினேழு டிகிரி கடுங்குளிரே. முதியோருக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் அவசியம். மறுநாள் காலை தேயிலைத் தோட்டம். பிறகு 6,600 அடிக்கு மேற்பட்ட பிரிஞ்சாங் சிகரப் பக்கத்தில் பாசி படர்ந்த காடு. பிற்பகலில் மழை பிடிக்கும் ஆதலால் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். மழை ஓங்கிய நவம்பர், டிசம்பர் மாதங்களில் மண்சரிவுச் செய்தியை விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்திருப்பது பசும்புல் போர்த்தியது போன்ற சரிவுகளை மட்டுமன்று. அச்சரிவில் குனிந்து நிற்கும் மனிதர்களையும் அவர்கள் பார்க்க வேண்டும். இன்று அங்கே கொழுந்து வெட்டுவோர் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நூறாண்டுக்கு முன் கடல் கடந்து வந்த நம் பாட்டன் பாட்டியர் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். அவர்களும் குடும்பத்தை விட்டு வந்தவர்கள். நாம் அவர்களைப் படம் பிடித்து, ‘எத்தனை அழகு!’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்புவோமானால், அன்று விடுதி வராந்தாவில் அமர்ந்து நம் பாட்டியை வேடிக்கை பார்த்தவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? துரை போனார், துரைத்தனம் நம்மிடம் தங்கிவிட்டது என்றல்லவா ஆகும்? ஓய்வு நாள் நமக்கு உரிமையென்றால் அவர்களுக்கும் உரிமை. எங்கள் தோட்டத்திலும் அயல்நாட்டுத் தொழிலாளர் உண்டு. அவர்களுடைய ஓய்வு நாளைப் பதிவு செய்யும் புத்தகம் என் மேசைமேல்தான் இருக்கிறது. மலைக்குப் போவதற்கு முன் அப்புத்தகத்தை நேர்மையாக எழுதியிருக்கிறேனா என்று பார்ப்பதும் என் பயண ஏற்பாடுகளுள் ஒன்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இத்தனை நாள் எண்ணாமலிருந்ததற்குத்தான் வெட்கம்.

மேற்கண்ட செய்திகளையெல்லாம் சில இரவுகளாகப் படித்து, என் தாயாருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தேன். சாலை வெட்டிய கதையையும் கப்பலேறிய கதையையும் மௌனமாகக் கேட்டார். சைக்கிள் கதையைக் கேட்டபோது மட்டும், “எங்கள் அப்பாவும் இறங்கித்தான் நிற்பார்” என்றார். பின் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மலைக்கு வருவதாகவோ வரமாட்டேன் என்றோ சொல்லவுமில்லை.

நேற்றிரவு ஆபீசிலிருந்து திரும்பியபோது, தகரப் பெட்டியிலிருந்து பழைய கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து வெளியே கொடியில் காயப்போட்டிருந்தார். விடியற்காலைக் குளிருக்கு அதை அணிந்துதான் அவர் பெரட்டுக்கு நடந்து போவது வழக்கம். வேலைக்குப் போக அணிந்த சட்டை அது. வருகிற சனிக்கிழமை முதல் முறையாக ஓய்வுக்குப் போகப் போகிறது.

தோழர்களே! கீழ்ப் பேராக்கின் தோட்டங்களில் இத்தகைய தாய்மார் இன்னும் ஆயிரக்கணக்கில் உண்டு. கிழக்கே தெரியும் அம்மலைமேல் அவர்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். சாலையின் ஒவ்வொரு வளைவிலும், ‘இது நம்மவர் கை பட்ட வழி’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மேலே போய் நின்றதும், இன்று அங்கே உழைப்பவரைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லுங்கள். நம் பெரியோர் ஈட்டிய ஓய்வு அப்போதுதான் முழுமையாக நம்முடையதாகும்.